தையல் ஆறிய பிறகும் தீராத வலி: இடுப்புத் தளத் தசை இறுக்கம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த 29 வயதுப் பெண், தனியார் பள்ளி ஆசிரியை. முதல் பிரசவம் முடிந்து 11 மாதம். சுகப்பிரசவம், குழந்தை 3.2 கிலோ, பிறப்புறுப்பு வாசலில் வலப்பக்கம் சாய்வாக வெட்டித் தையல் போடப்பட்டிருந்தது. புதுச்சேரியில் உள்ள பெண்கள் நல பிசியோதெரபி கிளினிக்குக்கு அவர் கொண்டுவந்த சீட்டில் ஒரே வரி: "பிரசவத்துக்குப் பின் தசைத் தளர்வு, கேகல் பயிற்சி சொல்லித் தரவும்." சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசையைச் சுருக்கிப் பிடித்து விடுவதுதான் கேகல்.

பரிசோதித்துப் பார்த்தால் தளர்வு எங்கேயும் இல்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கீழே எதுவானாலும் "லூஸ் ஆயிடுச்சு" என்று முடிவு கட்டும் வழக்கத்தால் இவருக்குப் பல மாதங்கள் வீணாயின. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறோம். ஒரே மாதிரி வந்த பலரின் விவரங்களைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி எழுதப்பட்டது இது.

வந்தபோது சொன்னவை

"தையல் போட்ட எடத்துல மொளகாத்தூள் பட்டாப்ல எரியுது மேடம். சுவத்துல முட்டற மாதிரி இருக்குன்னு அவரு சொல்றாரு."

தாய்வீட்டிலிருந்து ஐந்தாம் மாதம் திரும்பியிருக்கிறார். அதன்பின் உடலுறவுக்கு முயன்றது நான்கு முறை. வலி பத்துக்கு ஏழு. எரிச்சல் மறுநாள் மாலை வரை நிற்கும். கடைசி இரண்டு மாதமாக முயற்சியே இல்லை. கணவர் வேறு பக்கம் திரும்பிப் படுக்கிறார். அது கோபமா, பயமா என்று இவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

"பங்கஸ்" என்று மூன்று முறை மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். ஒருமுறைகூட வெள்ளைப்படுதலைச் சோதனைக்கு எடுக்கவில்லை. சிறுநீர் கல்ச்சரில் கிருமி இல்லை. பிறகு யூடியூப் பார்த்துத் தினம் 200 கேகல் செய்திருக்கிறார், சமைக்கும்போதும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும்போதும். மூன்றே வாரத்தில் வலி கூடியது. சிறுநீர் போக உட்கார்ந்தால் உடனே வராமல் காத்திருக்க வேண்டியதாயிற்று. இருமினால் சொட்டுச் சொட்டாகக் கசிவதும் நிற்கவில்லை.

கேட்டால்தான் வெளிவரும் விஷயங்கள் இன்னும் இருந்தன. காலை 8 மணிக்குப் பள்ளிக்குப் போனால் மாலை 4 வரை கழிப்பறை போவதில்லை. அதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. மலம் மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கித்தான். இந்தப் பழக்கம் பத்தியத்தில் தொடங்கியது. பால் ஊற சுறாப்புட்டும் பூண்டுக்குழம்பும் தாராளமாகக் கொடுத்தார்கள்; "பச்சை உடம்பு" என்று கீரை, பழம், தண்ணீர் மூன்றையும் குறைத்தார்கள். சுறாப்புட்டில் குற்றமில்லை. நார்ச்சத்தும் தண்ணீரும் இல்லாமல் ஆறாத தையலோடு நாற்பது நாள் முக்கினால், மலம் கழிப்பதென்றாலே தசை தானாக இறுகப் பழகிக்கொள்ளும்.

கணவரையும் மாமியாரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக ஒரு கேள்வி கேட்கப்பட்டது: விருப்பமில்லாதபோது கட்டாயம் நடந்ததா? வலியோடு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இதைக் கேட்க வேண்டும். கட்டாயம் இருந்தால் பயிற்சியால் பலனில்லை, முதலில் தேவை பாதுகாப்பு. 181 மகளிர் உதவி எண்ணைச் சொல்லி அனுப்ப வேண்டும். இவர் இல்லை என்றார். ஆனால் இரண்டு முறை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறார், "அவர பாத்தா பாவமா இருந்துச்சு" என்பதற்காக. தசை இறுகிப்போனதில் இந்தப் பொறுமைக்கும் பங்குண்டு.

பரிசோதனை

தொடங்குமுன் சொல்லப்பட்டது இது: என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொரு படியிலும் சொல்வோம், நீங்கள் கை தூக்கினால் அந்த நொடியே நிறுத்துவோம், இன்றைக்கு வேண்டாம் என்றாலும் சரி. பெண் பிசியோதெரபிஸ்ட், உடன் ஒரு பெண் உதவியாளர். வாசலை விரித்துப் பார்க்கும் உலோகக் கருவி (ஸ்பெகுலம்) பயன்படுத்தவில்லை. இப்படிப்பட்ட நோயாளிக்கு முதல் நாளே ஸ்பெகுலம் வைத்தால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

முதலில் தொடாமல் பார்ப்பது. "சிறுநீரை அடக்குவது போல் உள்ளே இழுங்கள்" என்றபோது அசைவு மிகக் குறைவு. "விடுங்கள்" என்றபோது ஒன்றும் இறங்கவில்லை. "மலம் போவது போல் லேசாகத் தள்ளுங்கள்" என்றபோது மலத்துவாரம் விரிவதற்குப் பதில் உள்ளே சுருங்கியது. இந்த மூன்றாவது அறிகுறி ஒன்றே பாதி நோயைச் சொல்லிவிடும்.

அடுத்து ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சி. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, பரிசோதிப்பவர் பார்வையில் கடிகார முகம் போல வைத்துக்கொள்வோம்: சிறுநீர்த் துவாரப் பக்கம் 12, மலத்துவாரப் பக்கம் 6. வாசலைச் சுற்றி மெல்லத் தொட்டதில் 7 மணி அருகே தழும்பின் மேல் வலி பத்துக்கு ஆறு, மற்ற இடங்களில் ஒன்று அல்லது இரண்டு. வாசல் முழுக்க ஒரே அளவாக எரிந்திருந்தால் வேறு நோயை நினைத்திருப்போம். தோல் வெளிறி வறண்டிருந்தது. அமிலத்தன்மைத் தாளில் 6. வழக்கமாக 4.5-க்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே கிருமி இல்லை; தாய்ப்பால் கொடுப்பதால் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் தோல் எப்படி இருக்குமோ அப்படி.

பிறகு ஒரே விரல், ஜெல்லுடன், முதல் கணு வரை. வலப்பக்கத் தழும்பு கீழே உள்ள தசையோடு ஒட்டியிருந்தது. 5 மணியிலும் 7 மணியிலும், மலக்குடலை வளைத்துப் பிடிக்கும் பியூபோரெக்டாலிஸ் தசை வயலின் கம்பி போல விறைத்திருந்தது. இன்னும் உள்ளே 9 மணியில், முழங்காலை வெளிப்பக்கம் தள்ளச் சொன்னபோது விரலுக்கடியில் புடைத்த, தொடையை வெளிப்பக்கம் திருப்பும் ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் தசையை அழுத்தியதும், "ஸ்கூட்டில போனா வலிக்கிறது இதான்" என்றார். பலம், தசைச் சுருக்கத்தை விரலால் மதிப்பிடும் ஆக்ஸ்ஃபோர்டு அளவில் 5-க்கு 3. பிடித்து நிறுத்த முடிந்தது 2 நொடி. விட்ட பிறகு தசை இளக எடுத்துக்கொண்டது 6 நொடி. பலத்தை மட்டும் எழுதி இந்த ஆறை எழுதாமல் விட்டிருந்தால் இதுவும் "தளர்வு" என்றே முடிந்திருக்கும்.

பெண்களின் பாலியல் நலனை அளக்கும் 19 கேள்விப் பட்டியலில் மதிப்பெண் 36-க்கு 15.3. 26.55-க்குக் கீழே போனால் பிரச்சினை உண்டு என்று கொள்வது வழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது: கடந்த நான்கு வாரத்தில் உறவே கொள்ளாதவருக்குப் பல கேள்விகளில் பூஜ்யம் விழுந்து மொத்தம் செயற்கையாகக் குறையும். ஆகவே அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. வலி அளவையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இறுகிய தசை ஏன் கசிய விடுகிறது?

கேட்பவர்களுக்கு முரணாகப் படும் இடம் இது. முழங்கையை முழுதாக மடக்கி வைத்துக்கொண்டு "இன்னும் மடக்கு" என்று சொல்லிப் பாருங்கள். மடக்க இடமிருக்காது. இடுப்புத் தளமும் அப்படித்தான். முன்னே அந்தரங்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தொட்டில் போல் கிடக்கும் இந்தத் தசைகள், இருமல் வரும் கணத்தில் சட்டென்று மேலெழுந்து சிறுநீர்க் குழாயை நெரிக்க வேண்டும். ஏற்கெனவே பாதி தூரம் சுருங்கிக் கிடக்கும் தசையால் எழ முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் பலவீனம், உள்ளே தொட்டால் விறைப்பு.

உடலுறவில் நடப்பது இதன் மறுபக்கம். வாசல் திறக்க இந்தத் தசைகள் இளகி நீள வேண்டும். தழும்பு இழுக்கிறது, வறண்ட தோல் உரசுகிறது, வலிக்கிறது. அடுத்த முறை தொடுவதற்கு முன்பே தசை காவலுக்கு எழுந்துவிடுகிறது. கண்ணருகே கை வந்தால் இமை மூடுவதைப் போன்ற செயல் இது. "ரிலாக்ஸ் பண்ணு" என்று சொன்னால் இமை திறக்காது. வலி வருமென்ற எதிர்பார்ப்பில் ஈரமும் சுரப்பதில்லை, உரசல் இன்னும் கூடுகிறது. வஜைனிஸ்மஸ் (வாசல் தசை தானாக இறுகிக்கொள்வது), உறவின்போது வலி என்று முன்பு தனித்தனியாகச் சொன்னவற்றை 2013-இல் வந்த, அமெரிக்க மனநல நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 ஒரே பெயரின்கீழ் சேர்த்ததற்கு, இரண்டையும் நடைமுறையில் பிரித்தறிய முடியாததும் ஒரு காரணம்.

கேகல் பயிற்சியின்மேல் பழி இல்லை. 1948-இல் அதை எழுதிய ஆர்னால்ட் கேகல் என்ற அமெரிக்க மருத்துவர், அழுத்தம் காட்டும் கருவியை உள்ளே வைத்து, சரியான தசைதான் சுருங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார். வீடியோக்களில் கருவியும் போயிற்று, விரலும் போயிற்று. எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது.

சிகிச்சை

முதல் இரண்டு வாரம் கேகல் முழுக்க நிறுத்தம், உள்நுழையும் உறவும் நிறுத்தம். இரண்டாவதை மருத்துவ உத்தரவாக எழுதியே கொடுத்தோம். "டாக்டர் வேண்டாம்னுட்டாங்க" என்று காட்ட ஒரு தாள் இருப்பது வீட்டில் பெரிய நிம்மதி.

மலச்சிக்கல் தீராமல் மற்ற எதுவும் நகராது. பகலில் பள்ளியிலும் சேர்த்து இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். இரவு இரண்டு டீஸ்பூன் இசப்கோல், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே. தண்ணீர் குறைந்தால் இசப்கோலே அடைத்துக்கொள்ளும். மூன்று மணிக்கு ஒருமுறை சிறுநீர். வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை என்பதால் பாதத்துக்கடியில் ஒரு சாண் உயரப் பலகை, முழங்கால் இடுப்பைவிட மேலே. குந்தி உட்காரும்போது பியூபோரெக்டாலிஸ் தளர்ந்து மலப்பாதை நேராகிறது; நம் ஊர் கழிப்பறை இந்த ஒரு விஷயத்தில் உசத்தி. கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவுவதை நிறுத்தச் சொன்னோம். வெறும் தண்ணீர் போதும்.

மூச்சுப் பயிற்சி காலை, இரவு பத்து பத்து நிமிடம். மல்லாந்து படுத்து முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை. நான்கு எண்ணி மூச்சு உள்ளே. வயிறு எழும்போது மலத்துவாரமும் மெல்ல விரிந்து கீழிறங்குவதைக் கவனிக்க வேண்டும். ஆறு எண்ணி வெளியே. தள்ளக் கூடாது, இறங்க விட வேண்டும். முதல் வாரம் இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. மடித்த துண்டின் மேல் உட்கார வைத்ததும், துண்டில் அழுத்தம் கூடிக் குறைவது பிடிபட்டது. தாடையைக் கடித்திருக்கிறாரா, கால் பெருவிரல் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவருக்கு இடது பெருவிரல். அது நிமிர்ந்தால் கீழும் இளகியது. கடைசி வரை அவர் தன்னைச் சோதித்துக்கொண்டது அந்த விரலை வைத்துத்தான். இவற்றோடு பாலாசனம், பத்த கோணாசனம், சுவரைப் பிடித்துக் குந்துதல், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம்.

வறட்சிக்கு மகப்பேறு மருத்துவர் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைக் கிரீம் எழுதினார்: அரை கிராம், அதாவது அரை மில்லிகிராம் மருந்து, இரண்டு வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் இரண்டு நாள். பால் கொடுப்பவர் இதைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. உறவுக்கும் பயிற்சிக்கும் நீர் சார்ந்த ஜெல். தேங்காய் எண்ணெயைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தோலுக்குக் கெடுதலில்லை, ஆனால் இந்தத் தம்பதி ஆணுறை பயன்படுத்துகிறவர்கள். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் நைந்து கிழியும்.

மூன்றாம் வாரம் தழும்புத் தேய்ப்பு. நகம் வெட்டிய கட்டைவிரல், ஜெல், முதல் கணு வரை. மலத்துவாரப் பக்கம் கீழ்நோக்கி அழுத்தி 45 நொடி அப்படியே வைத்தல். பிறகு வலப்பக்கத் தழும்பின் மேல் அதேபோல். கடைசியில் தழும்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துக் குறுக்காக நகர்த்துதல். மொத்தம் ஐந்து நிமிடம், வாரம் நான்கு நாள். வலி மூன்றைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். "நல்லா அழுத்துனாதான் போகும்" என்று நினைப்பவர்களுக்குத்தான் இது தோற்கும். மூன்றுக்கு மேல் வலித்தால் தசை மறுபடி காவலுக்கு எழும். கிளினிக்கில் வாரம் ஒருமுறை, உள்ளே இருந்த வலி முடிச்சுகளை விரலால் 60 முதல் 90 நொடி பிடித்து இளக்கினோம்.

ஐந்தாம் வாரம் டைலேட்டர். வழவழப்பான சிலிக்கோன் குச்சிகள், சுண்டுவிரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பருக்கும் வரிசை. மூச்சு வெளியே போகும்போது பாதி, அடுத்த மூச்சில் மீதி. உள்ளே போனபின் பத்து நிமிடம் அசையாமல், பிறகு மெல்லப் பக்கவாட்டில். மூன்று முறை தொடர்ந்து வலி இரண்டுக்குள் இருந்தால்தான் அடுத்த அளவு. துளைப்பதற்கான கருவி என்று நினைத்தால் பயன் இல்லை. இங்கே ஒன்று இருந்தாலும் ஆபத்தில்லை என்று நரம்புக்குக் கற்றுக் கொடுக்கிறோம். முனை கூர்மையான, உடையக்கூடிய எதையும் மாற்றாகப் பயன்படுத்த வேண்டாம். அளவு கிடைக்காவிட்டால் சொந்த விரல் போதும்.

கணவர்

மூன்றாவது முறை அவரும் உள்ளே வந்தார். வயது 33. மனைவிக்குத் தன்மேல் விருப்பம் போய்விட்டது என்று நினைத்திருந்தார். இடுப்பெலும்பு மாதிரியைக் காட்டித் தழும்பு எங்கே, தசை எங்கே என்று விளக்கியதும் அவர் கேட்டது: "அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?" இல்லை. ஆனால் இருவருக்கும் புதிய ஒப்பந்தம் தேவைப்பட்டது. பாலியல் சிகிச்சை ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-இல் எழுதிய முறையிலிருந்து எடுத்தது: வாரம் இரண்டு முறை, ஒருவர் பதினைந்து நிமிடம் மற்றவரைத் தொடுவது, பிறகு மாற்றிக்கொள்வது, முதல் இரண்டு வாரம் மார்பும் அந்தரங்க உறுப்பும் தவிர்த்து. உறவில் முடியாது என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் தொடுதல் பயமாக இல்லை.

நடைமுறைச் சிக்கல் வேறு. இரண்டு அறை வீடு, ஹாலில் மாமியார், அறைக்குள் தூளியில் குழந்தை, தாழ்ப்பாள் சரியாக விழாது. யாரும் கதவைத் தள்ளலாம் என்றிருக்கும் அறையில் எந்தத் தசையும் இளகாது. புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள். ஞாயிறு மதியம் மாமியார் குழந்தையோடு பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆண்களுக்கும் இதே தளம் உண்டு என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. விறைப்பைத் தாங்குவதிலும் விந்து வெளியேற்றத்திலும் இந்தத் தசைகளுக்கு வேலை இருக்கிறது. அவை இறுகினால் ஆணுக்கும் விந்து வெளியேறும்போது வலி, விதைப்பைக்குப் பின்னால் கனம், சிறுநீர்த் தடுமாற்றம் வரும். புராஸ்டேட் தொற்று என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிடும் ஆண்கள் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுதான்.

ஏழாம் வாரம் ஏற்பட்ட சறுக்கல்

மூன்றாவது அளவு டைலேட்டர் வலியில்லாமல் போனதும், "சரியாயிடுச்சு" என்று ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு முயன்றிருக்கிறார்கள். அன்று ஒரு கல்யாணத்துக்காகக் கடலூரிலிருந்து பண்ருட்டி போய்த் திரும்பிய களைப்பு, ஜெல் தீர்ந்திருந்தது, கணவர் மேலே. வலி ஆறு. மறுநாள் முதல் அளவுகூட எரிந்தது.

பிழை மூன்று இடத்தில். டைலேட்டர் அசையாமல் நிற்பது. உறவில் அசைவும் வேகமும் உண்டு, அந்த இடைப்படியைப் பழக்கவில்லை. ஜெல் இல்லாமல் போயிருக்கவே கூடாது. ஆழமும் வேகமும் வலியை உணர்பவர் கையில் இல்லை. நான்கு நாள் மூச்சுப் பயிற்சியும் வெந்நீரில் பத்து நிமிடம் உட்காருவதும் மட்டும். பிறகு ஓர் அளவு குறைத்துத் தொடங்கினோம். பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்தார். அதன்பின் டைலேட்டரை அவரே அசைத்தல், அடுத்து கணவர் கையால், பின்பு பக்கவாட்டில் படுத்தோ மனைவி மேலே இருந்தோ முயற்சி. முதல் மூன்று முறை உள்ளே போய் அசையாமல் இருப்பதோடு நிறுத்தம்.

மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் களிம்பு தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்களுக்கு மருத்துவர் சொன்னபடி வாசலில் மெல்லிய பூச்சு, பதினைந்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கணவருக்கும் மரத்துப்போகும். தேய்ப்புக்கு முன் பூசக் கூடாது. வலி எச்சரிக்கை தெரியாமல் அழுத்திவிடுவார்கள். தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, இவை எல்லாம் தோற்ற பிறகு யோசிக்க வேண்டியது.

எப்போது இந்த வழி பொருந்தாது

உறவுக்குப் பின் ரத்தம், காய்ச்சல், துர்நாற்ற வெள்ளைப்படுதல், வாசலில் இல்லாமல் ஆழத்தில் மட்டும் வலி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கூடும் வலி, தோல் வெள்ளையாகிச் சுருங்குதல், உட்கார்ந்தால் மட்டும் ஒருபக்கம் மின்சாரம் பாய்வது போன்ற வலி, பிறப்புறுப்பு வழியே காற்றோ மலமோ வருதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மகப்பேறு மருத்துவர். பிசியோதெரபிக்குப் போகுமுன், உட்பரிசோதனையில் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். மின்தூண்டல் இயந்திரத்தை மாட்டிவிட்டு உள்ளே தொட்டே பார்க்காமல் அனுப்பும் இடமென்றால், இறுக்கமா தளர்வா என்று அவர்களுக்கும் தெரியப்போவதில்லை.

பத்தாம் வாரத்துக்குப் பிறகு

இளகும் நேரம் 6 நொடியிலிருந்து 2 நொடிக்கு வந்த பிறகுதான் கேகல் திரும்ப வந்தது. ஒரு தடவைக்கு 8 சுருக்கம், நாளுக்கு மூன்று தடவை. ஒவ்வொன்றும் 5 நொடி பிடித்து 10 நொடி விடுவது. விடுவதற்கு இரட்டிப்பு நேரம். இருமல், தும்மல் வருமுன் ஒரு கணம் உள்ளிழுத்துப் பிடிப்பதையும் கற்றுக்கொண்டார். மூன்று வாரத்தில் கசிவு நின்றது. இளகக் கற்ற தசைக்கு இப்போது எழ இடமிருந்தது.

பதினாறாம் வாரம்: உறவில் வலி பத்துக்கு ஒன்று, சில நாள் பூஜ்யம். கேள்விப் பட்டியலில் 27.4. மலம் தினமும். பிரசவப் பதிவு அட்டையில் தழும்பின் நிலையையும் இந்தச் சிகிச்சையையும் எழுதிக் கொடுத்தோம், அடுத்த பிரசவம் பார்ப்பவருக்காக. குழந்தை பால் மறந்து மாதவிடாய் திரும்பியதும் எஸ்ட்ரியால் நிறுத்தம்.

மிச்சமிருப்பது வலப்பக்க ஆப்டுரேட்டர் தசை. கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் வழியாகப் பஸ்ஸில் புதுச்சேரி வந்து இறங்கும்போது, வேகத்தடைகளின் கணக்கை அது இன்னும் சொல்கிறது. வலது காலை இடது முழங்கால் மேல் மடித்துப் போட்டு முன்னே குனியும் நீட்சியை ஒரு நிமிடம் செய்தால் அடங்குகிறது. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறது.